வாசலில் வைத்த சிலேட்டு

உங்கள் வீட்டில் அரிசிப் பானையை எதைப் போட்டு மூடுவீர்கள்? தட்டோ அலுமினிய மூடியோ இருக்கும். எங்கள் வீட்டில் அறுபது வருசத்துக்கு மேலாகச் சிலேட்டுத்தான் மூடி. மரச்சட்டம் போட்ட பள்ளிக்கூடத்துச் சிலேட்டு. சட்டம் அடுப்புப் புகையில் கறுத்துப்போயிருக்கும். கல்லில் மட்டும் ஒரு கீறல் கிடையாது. கொரோனாக் காலம் வரைக்கும் அதில் ஒருவரும் ஓர் எழுத்து எழுதியதில்லை.

என்னோடு கொழுந்து பறித்தவர்களில் பலபேர் அதைப் பார்த்திருக்கிறீர்கள். சிலபேர் சிரித்தும் இருக்கிறீர்கள். ஏன் இப்படி என்று கேட்டவர்களுக்கு நான் வாய் திறந்ததில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்கிற பழக்கம் எனக்கு அன்றைக்கும் இல்லை. இப்போது நானாகச் சொல்கிறேன், உட்கார்ந்து கேளுங்கள். அவசரம் ஒன்றுமில்லை.

அப்போது நான் இரண்டாம் வகுப்பு. எங்கள் தேயிலைத் தோட்டம் பொகவந்தலாவையிலிருந்து மேலே ஏறிப் போகிற பக்கம். ஓரறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கிற லயம் நாலு, ஒரு பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் என்றால் மேட்டில் தகரம் போட்ட ஒரே மண்டபம். இந்த மூலையில் முதலாம் வகுப்பு கத்தும், அந்த மூலையில் ஐந்தாம் வகுப்பு கத்தும். நடுவில் ஒரே ஒரு வாத்தியார் கோட்டுப் போட்டுக்கொண்டு நடந்தபடி இருப்பார். மழை பிடித்துவிட்டால் தகரச் சத்தத்தில் யார் கத்துவதும் யாருக்கும் கேட்காது. வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நின்றுவிடுவார். மழை விடும்வரை எங்களுக்கு லீவு.

வெளியே ஒரு மரத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று கம்பியில் தொங்கும். அதுதான் மணி. அதை அடித்தால் நாலு லயத்துக்கும் கேட்கும், மலைக்கு மேலே கொழுந்து பறிக்கிறவர்களுக்கும் கேட்கும். சிலேட்டை அழிக்க நாங்கள் மழைநீர் ஓடுகிற கான் ஓரத்தில் முளைக்கிற ஒரு செடியின் தண்டை ஒடித்து வைத்திருப்போம். உள்ளே தண்ணீர் கோத்த தண்டு. தேய்த்தால் சிலேட்டு கறுகறுவென்று மினுங்கும், பச்சை வாசம் வரும். அந்த வாசம் இப்போதும் எங்கேயாவது வந்தால் நான் நடந்துகொண்டிருப்பதை நிறுத்திவிடுவேன். அந்தச் செடிக்குப் பேர் எனக்குத் தெரியாது. கானுக்கெல்லாம் சிமெந்து போட்ட பிறகு அதைக் காணவும் இல்லை.

அந்த வருசம் மழைக் காலத்தில்தான் காய்ச்சல் வந்தது. ஊர் ஊராக, நாடு நாடாக வருகிற காய்ச்சல் என்றார்கள். கொழும்பிலிருந்து ரயிலில் வந்து வட்டவளையில் இறங்கிய யாரோ ஒரு ஆள் கொண்டுவந்தான் என்றும் சொன்னார்கள். கீழ்த் தோட்டத்தில் நாளுக்கொரு தடவை சாவுக்கு அடிக்கிற தப்புச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. எங்கள் தோட்டத்தில் பெரியவர்கள் அதைக் கேட்காதது மாதிரி வேலைக்குப் போனார்கள்.

வாத்தியார் ஒரு நாள் காலையில் கரும்பலகையில் இரண்டே சொல் எழுதினார். சுகம், காய்ச்சல். முதலாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை எல்லாரையும் அந்த இரண்டையும் எழுதச் சொன்னார். பார்க்காமல் எழுதும்வரை விடவில்லை. சாயங்காலம்தான் விசயத்தைச் சொன்னார். நாளையிலிருந்து யாரும் பள்ளிக்கூடத்துக்கு வரக்கூடாது. தினமும் காலையில் அப்பா அம்மா பெரட்டுக்குப் போகும்முன், அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்குக் கிளம்பும்முன், வீட்டில் எல்லாரும் நன்றாக இருந்தால் சுகம் என்று எழுதிச் சிலேட்டை வாசற்படியில் வைக்க வேண்டும். ஒருவருக்கு உடம்பு சுட்டாலும் மற்றச் சொல்லை எழுத வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளை இல்லாத காம்பராவுக்குப் பக்கத்துக் காம்பராப் பிள்ளை எழுத வேண்டும்.

மருந்து கொடுக்கிற ஐயா மூன்று தோட்டத்துக்கு ஒரே ஆள். அவர் கதவு கதவாகத் தட்ட முடியாது, தட்டினாலும் எங்கள் ஆட்கள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள் என்று வாத்தியாருக்குத் தெரியும். பிள்ளைகளின் கையெழுத்தை அவர் நம்பினார்.

மண்டபத்தில் நாங்கள் உட்காரும் நீள வாங்குகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டிப் படுக்கை ஆக்கினார்கள். காய்ச்சல்காரர்களுக்குப் பள்ளிக்கூடத்தில்தான் இடம். வாத்தியாரின் வீட்டம்மா அவர்களுக்குக் கஞ்சி வைத்தார். மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் காலையில் நாலு லயத்துப் பெண்களும் ஒரே நேரத்தில் குடத்தோடு முட்டிக்கொண்டு நிற்பது வழக்கம். அதையும் வாத்தியார் மாற்றினார். மணி ஒன்று அடித்தால் முதல் லயம் தண்ணீருக்குப் போகலாம், இரண்டடித்தால் இரண்டாம் லயம். நாங்கள் மூன்றாம் லயம், எங்களுக்கு மூன்று.

பக்கத்துக் காம்பராவில் அப்பாவுக்கு அக்கா முறையான அத்தை ஒருத்தி இருந்தாள். பிள்ளைகள் இல்லாதவள், வாய் மட்டும் நாலு பேருக்கு இருக்கும். மணியைப் பற்றி அவள் பீலியில் நின்று சொன்னதை எல்லாரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

“தண்ணிக்கு மூணு மணி, சரி. கான் பக்கம் ஒதுங்குறதுக்கு எத்தன மணின்னு வாத்தியாரக் கேட்டுச் சொல்லுங்கடி. அவசரமா இருக்கு.”

அவளுக்கும் நான்தான் எழுதுவேன். சிலேட்டை நடுவில் ஒரு கோடு போட்டுப் பிரித்து, இந்தப் பக்கம் எங்கள் வீடு, அந்தப் பக்கம் அத்தை. தினமும் குனிந்து பார்த்து, எனக்கு என்னடி எழுதியிருக்கே, பொல்லாதவன்னு எழுதிறாத என்பாள்.

காலைப் பனியில் வாத்தியார் வருவது தூரத்திலேயே தெரியும். கறுப்புக் குடை, மூக்கை மறைத்துக் கட்டிய வெள்ளைக் கைக்குட்டை. கைக்குட்டையில் யூக்கலிப்டஸ் தைலம் விட்டிருப்பார். அவர் போய் வெகுநேரம் கழித்தும் லயத்து வாசலில் அந்த வாசம் நிற்கும். சுகம் என்று இருந்தால் சிலேட்டைக் கையில் எடுப்பார், எழுத்தைப் பார்த்துத் தலையை ஆட்டுவார், அடியில் அன்றைய பாடமாக ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போவார். காய்ச்சல் என்று இருக்கிற சிலேட்டைத் தொடமாட்டார். தூரத்தில் நின்று பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்வார். பிறகு ஆட்கள் வருவார்கள்.

ஐந்து படி தூரத்தில் நின்று அவர் எழுதுகிற சத்தத்தைக் கேட்பேன். எனக்கென்று தனியாக ஒரு வரி. மண்டபத்தில் இருந்தபோதுகூட அப்படிக் கிடைத்ததில்லை.

இரண்டு கிழமை, பதினாலு நாளும் எங்கள் பக்கம் சுகம்தான். அப்புறம் ஒரு நாள் அம்மா மலையிலிருந்து கூடையை இழுத்துக்கொண்டு வந்தாள். நெற்றியைத் தொட்டால் சுட்டது. தம்பி அப்போது பால் குடிக்கிற பிள்ளை. அப்பா அம்மாவை உள்ளே படுக்கவைத்து, கம்பளியைப் போர்த்தி, கொத்தமல்லியும் இஞ்சியும் போட்டுக் கொதிக்கவைத்துக் கொடுத்தார். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவிடம் பிள்ளைக்கு வயிறு சரியில்லை, அதனால் பெண்டாட்டி வேலைக்கு வரவில்லை என்று சொன்னார். என்னிடம் வந்து ஒன்றுதான் சொன்னார்.

“சுகம்னே எழுது.”

அப்பாவுக்கு எழுத்து தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. எங்கள் காம்பராவில் எழுத்து தெரிந்தவள் நான் ஒருத்திதான். அப்பா சொன்னபடி சுகம் என்று எழுதி வைத்தேன். வாத்தியார் வந்தார், சிலேட்டை எடுத்தார், அடியில் எழுதினார். மறுநாளும் சுகம். அன்றைக்கு அவர் சிலேட்டை அதிக நேரம் பார்த்தார்.

“ஒன் எழுத்து திருந்திருச்சு புள்ள.”

சட்டைப்பையிலிருந்து ஒரு புதுக் குச்சி எடுத்துச் சிலேட்டின்மேல் வைத்துவிட்டுப் போனார். முழுக் குச்சி, தாள் சுற்றியது. எங்கள் வகுப்பில் முழுக் குச்சி வைத்திருந்தவர்கள் யாரும் இல்லை.

அதை எடுத்து மடியில் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். அம்மா என்னைப் பார்த்து என் பெயரைச் சொல்லாமல் வேறு யாருடைய பெயரையோ சொல்லிக் கூப்பிட்டாள். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. தம்பி அவள் மாரில் கிடந்தான். எனக்கு அப்போது பயமாக வந்தது இரண்டு பேரை நினைத்து. ஒன்று அம்மா. மற்றது, அம்மா படுத்திருக்கிற காம்பராவின் சிலேட்டைக் கையில் எடுத்து எழுதிவிட்டுப் போன வாத்தியார்.

மூன்றாம் நாள் காலையில் புதுக் குச்சியின் தாளைக் கிழித்தேன். அத்தைப் பக்கம் சுகம் என்று எழுதினேன். எங்கள் பக்கம் மற்றச் சொல்லை எழுதினேன். படியில் வைத்துவிட்டு நிமிர்ந்தால் அப்பா பின்னால் நிற்கிறார்.

“எழுதிட்டியா?”

“எழுதிட்டேன்.”

“சுகம்னுதான?”

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அப்பா குனிந்து சிலேட்டைப் பார்த்தார். புதுக் குச்சியில் எழுத்து வெள்ளை வெளேரென்று இருந்தது.

“அழகாத்தான் இருக்கு” என்றார். கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு பெரட்டுக்குப் போனார்.

எழுபது வயசைத் தாண்டிவிட்டேன். எத்தனையோ பேர் எத்தனையோ பேசியிருக்கிறார்கள், மறந்துவிட்டது. அந்த ஒரு பேச்சு மறக்கவில்லை.

வாத்தியார் வந்தார், படித்தார், சிலேட்டைத் தொடவில்லை. என்னையும் ஒன்றும் கேட்கவில்லை. எத்தனை நாளாய் என்றுகூடக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் இரண்டு ஆட்கள் வந்து கம்பளியைக் கம்பில் தூளி மாதிரிக் கட்டி அம்மாவை எடுத்துப் போனார்கள். தம்பியை அத்தை வாங்கிக்கொண்டாள். வாங்காதே, ஒனக்கும் வரும் என்று யாரோ சொன்னதற்கு, வந்தா எனக்குந்தான வாங்கு போட்டு வச்சிருக்காங்க என்றாள்.

யாரோ ஓடிப்போய் மலையில் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் வீட்டுக்கு வரவில்லை, நேரே பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். நான் பின்னால் ஓடினேன். மண்டபத்துக் கதவில் வாத்தியார் குறுக்கே நின்றார். அப்பா கும்பிட்டுக்கொண்டு நின்றார். அவர் சாமியைத் தவிர வேறு யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

“எம் பொண்டாட்டியக் குடுத்துருங்க வாத்தியாரையா. நான் பாத்துக்கிறேன்.”

“குடுக்கிறேன். காய்ச்ச விட்டதும் நானே கூட்டியாந்து வாசல்ல விடுறேன்.”

“அப்படித்தாங்கய்யா அன்னைக்கும் சொன்னாங்க.”

வாத்தியாருக்கு அது புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. ஆனால் அவர் என்ன நினைத்தாரோ, அப்பாவைச் சுவரைச் சுற்றிக் கூட்டிப்போய் ஒரு ஜன்னலைத் திறந்துவிட்டார். ஜன்னலுக்கு நேரே அம்மாவின் வாங்கு. தினமும் வேலை முடிந்ததும் இங்கே வந்து நின்று பாருங்கள், உள்ளே மட்டும் வரவேண்டாம் என்றார்.

அப்பா தினமும் போனார். மழையில் சாக்கைத் தலையிலிருந்து கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நிற்பார். அம்மா கையைத் தூக்கிக் காட்டும்வரை நிற்பார். பிறகு திரும்பி வருவார்.

முதல் நாள் அப்படித் திரும்பி வந்தபோதுதான் படியில் இருந்த சிலேட்டை எடுத்தார். என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை.

“எழுத்து படிச்ச கை அப்பங்கிட்டயே பொய் சொல்லுது” என்றார்.

சிலேட்டைக் கல்லில் ஓங்கிப் போட்டார். மூன்று துண்டாக உடைந்தது. ஒரு துண்டில் அத்தையின் சுகம் மட்டும் அழியாமல் இருந்தது.

அம்மா பத்தாம் நாள் நடந்து வந்தாள். வாத்தியார் சொன்னபடி கூடவே வந்து வாசலில் விட்டார். அத்தைக்கும் காய்ச்சல் வந்தது, அவளும் போய்ப் படுத்து எழுந்து வந்தாள். பள்ளிக்கூடத்தில் பத்து நாள் படிச்சிட்டேன், இனிமே என்னையக் கங்காணியாப் போடச் சொல்லு என்று லயமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். கீழ்த் தோட்டத்தில் தப்புச் சத்தம் வெகுநாள் கேட்டது. எங்கள் நாலு லயத்திலும் சாவு விழவில்லை. அதை யாரும் அப்போது பெரிதாகப் பேசவில்லை. மணி அடித்துத் தண்ணீர் எடுக்கவிட்டதைப் பற்றித்தான் பேசினார்கள்.

பள்ளிக்கூடம் மறுபடி திறந்தது. இனி நான் சொல்லப்போவதை யாரிடமும் சொன்னதில்லை. அப்பா என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விடவில்லை என்றுதான் இவ்வளவு காலமும் சொல்லி வந்தேன். உங்களிடமும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அது உண்மையில்லை.

வாத்தியார் என்னைக் கூப்பிட வீட்டுக்கு வந்தார். அப்பா என்னைப் பார்த்தார்.

“அவளக் கேளுங்க” என்றார்.

போடி என்று அப்பா வாயால் சொல்ல வேண்டும் என்று எனக்கு இருந்தது. நான் உடைத்தேன், தப்புத்தான், போ என்று சொல்ல வேண்டும். அவர் சொல்லவில்லை. நான் போகட்டுமா என்று என் வாயால் கேட்க வேண்டும் என்று அவருக்கு இருந்திருக்கும். நான் கேட்கவில்லை.

“நான் வரல” என்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா பஜாருக்குப் போய் முஸ்லிம் நானா கடையிலிருந்து ஒரு புதுச் சிலேட்டு வாங்கிவந்தார். பழையதைவிடப் பெரியது, சட்டம் போட்டது. ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்தார். நான் அதன் பக்கம் திரும்பவில்லை. பெருக்கும்போதுகூட அந்த ஜன்னலை விட்டுவிட்டுப் பெருக்கினேன். வாத்தியார் இன்னொரு தடவை வந்தார், இன்னொரு தடவை வரல என்றேன். அப்புறம் அவரை இறம்பொடைப் பக்கம் மாற்றிவிட்டார்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டு, தூசி படியுது என்று அம்மா சிலேட்டை எடுத்து அரிசிப் பானைமேல் வைத்தாள்.

நான் தம்பியைத் தூக்கிக்கொண்டு லயத்து வாசலில் உட்கார்ந்திருப்பேன். மேலே மணி அடிக்கும். என்னோடு படித்தவர்கள் ஓடுவார்கள். வயசு வந்ததும் நானும் பேர் பதிந்து கூடையைத் தூக்கினேன். நாற்பது வருசத்துக்கு மேல் பறித்தேன். நிரையில் நிற்கும்போது மணிச் சத்தம் வந்தால் என் கை மட்டும் கொஞ்ச நேரம் நின்றுவிடும். உங்களில் யாராவது கவனித்திருக்கிறீர்களா, தெரியாது. கங்காணி கவனித்திருக்கிறார். காலையில மணியடிச்சா ஒனக்கு மட்டும் என்ன அங்க பராக்கு என்று ஏசுவார்.

அப்பா தினமும் அந்தப் பானைக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டார். ஒரு நாளும் சிலேட்டைப் பற்றிப் பேசவில்லை. அவர் போய்ச் சேர்ந்த பிறகுதான் அம்மா சொன்னாள். அப்பாவுக்கு ஆறு வயசில், இந்தியாவிலிருந்து இங்கே வரும்போது, கப்பலேற்றும்முன் ஆட்களை ஒரு முகாமில் வைத்து உடம்பு பார்த்திருக்கிறார்கள். அவருடைய அம்மாவுக்குக் காய்ச்சல். தனியாக ஒரு கொட்டகைக்குக் கூட்டிப்போனார்கள். ரெண்டு நாள்ல அனுப்புறோம் என்றார்களாம். பிள்ளையை மாமனோடு கப்பலில் ஏற்றினார்கள். அம்மா பின்னால் வரவே இல்லை. செத்தாளா, பிழைத்து ஊருக்குத் திரும்பினாளா என்றுகூடக் கடைசிவரை தெரியவில்லை. காகிதம் எழுதிக் கேட்க மாமனுக்கும் எழுத்து தெரியாது.

முதல்லயே ஏம்மா சொல்லல என்று கேட்டேன். நீ கேக்கலயேடி என்றாள்.

நானும் அப்பாவும் ஒரே களிமண்ணில் செய்த ஆட்கள். அது எனக்குத் தெரிந்தபோது எனக்குப் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள்.

இப்போது கொரோனா வந்ததே, அது உங்களுக்குத் தெரிந்த கதை. எங்கள் பள்ளிக்கூடம் இன்று மாடி வைத்த பள்ளிக்கூடம், பழைய மண்டபம் மட்டும் தகரத்துக்குப் பதில் ஷீட் போட்டு அப்படியே நிற்கிறது. டீச்சர்மார் வாசலில் தண்ணீர்க் குழாய் வைத்தார்கள், பிள்ளைகளுக்குப் பாடத்தாளை வீடு வீடாகக் கொடுத்தார்கள். சுகமில்லாத வீடு ஒரு சிவப்புத் தாளைக் கதவில் ஒட்ட வேண்டும், ஒட்டினால் சாமான் வாசலுக்கு வரும் என்று ஏற்பாடு செய்தார்கள். நோயாளிகளை வைக்க அந்தப் பழைய மண்டபத்தைத்தான் கொடுத்தார்கள். ஒரு சின்ன டீச்சர் எங்கள் லயத்துக்குத் தாள் கொண்டுவந்து கொடுத்தாள். எங்கள் ஆட்கள் சிவப்புத் தாளை மடித்து மெத்தைக்கு அடியில் வைத்துக்கொண்டார்கள். ஒட்டினால் லயத்தையே மூடிவிடுவார்கள் என்ற பயம்.

ஒரு நாள் எனக்கே காய்ச்சல் வந்தது. சோறு மணக்கவில்லை. மகன் கதவைச் சாத்திவிட்டு என் காலடியில் உட்கார்ந்தான்.

“வெளிய சொல்லிறாதீங்கம்மா. கொண்டுபோயிருவாங்க. இந்த வயசுல போனா...”

அவன் முகத்தில் அப்பாவைப் பார்த்தேன். அவனிடம் கோபம் வரவில்லை எனக்கு. அவன் பின்பக்கம் போனதும் எழுந்து பானைமேலிருந்து சிலேட்டை எடுத்தேன். அரிசித் தூசியை முந்தானையால் துடைத்தேன். கோலம் போடுகிற சாக்கட்டி இருந்தது. காய்ச்சல். எழுத்து ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வந்தது. வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே வந்து படுத்துக்கொண்டேன்.

மகன் படித்தவன். வந்து பார்த்தான். குனிந்து வாசித்தான். அழித்துவிடுவான் என்று நினைத்தேன். அழிக்கவில்லை. போனை எடுத்து டீச்சரைக் கூப்பிட்டான்.

இரண்டாம் வகுப்பில் இறங்கிய படியில் மறுபடி நான் ஏறியது அன்றைக்குத்தான், இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க. கட்டில் போட்டிருந்தார்கள், வாங்கு இல்லை. மகன் சாயங்காலத்தில் வந்து ஜன்னலுக்கு வெளியே நிற்பான். நான் கையைத் தூக்கிக் காட்டுவேன். மழை பிடித்தால் மேலே சத்தம் முன்னைப்போல் இல்லை.

என் கட்டிலுக்கு எதிரே கரும்பலகை. பள்ளிக்கூடம் மூடிய நாளில் எழுதிய பாடம் அழிக்காமல் கிடந்தது. காய்ச்சல் கொஞ்சம் இறங்கியதும் எழுத்துக் கூட்டினேன். நாளுக்கு ஒரு வரி, சில நாள் அரை வரி. இலையைப் பற்றிய பாடம். கடைசி வரியில் ஒரு நீளமான சொல். கூட்டி வாசித்துவிட்டேன், என்னவென்று விளங்கவில்லை. இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன்.

மூன்றாம் நாள் சின்ன டீச்சர் ஜன்னலில் சாப்பாட்டுப் பொட்டலத்தை வைத்தபோது கேட்டேன்.

“டீச்சர், அந்த ஒளித்தொகுப்புன்னா என்னா?”

அவள் முகக்கவசத்துக்கு மேலே கண்ணை விரித்துப் பலகையைத் திரும்பிப் பார்த்தாள்.

“இலை வெயில வச்சுத் தனக்குச் சாப்பாடு ஆக்கிக்கிறதுங்க பாட்டி.”

“இத்தன வருசம் பறிச்சேன். தெரியாமப் போச்சு.”

“நீங்க எத்தனாம் வகுப்பு வரைக்கும் படிச்சீங்க?”

“ரெண்டாம் வகுப்பு” என்றேன். “இன்னும் முடியல.”